அன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

சேலம் மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. பள்ளி நாள். அன்று ஆடி அமாவாசை. அன்றைக்கே சூரிய கிரகணம். எகிப்திலும் சவுதி அரேபியாவிலும் முழுக் கிரகணம். நமக்குப் பகுதிக் கிரகணம்தான். பள்ளி விடும் வேளையை ஒட்டித் தொடங்கி, சாயங்காலச் சூரியனின் ஓரத்தை நிலவு கொஞ்சம் கடித்துவிட்டுப் போகும்.

அன்று என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். முந்தின நாள் ராத்திரியே பெற்றோர் குழுவில் செய்தி ஓடும். "கெரணம் புடிக்குது, மத்தியானமே புள்ளைங்கள அனுப்பிடுங்க சார்" என்று போன் வரும். நாமும் எதற்கு வம்பு என்று மூன்று மணிக்கே மணி அடித்துவிடுவோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கும். அப்படி நடக்க விடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் இவ்வளவு முன்கூட்டியே எழுதுகிறேன் என்றால், கண்ணாடி வாங்கவும் பெற்றோரிடம் பேசவும் கால அவகாசம் வேண்டும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஒரிசாவிலும் முழுக் கிரகணம். சேலத்தில் பகுதிதான். நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாபேட்டையில் நாட்டு ஓடு வேய்ந்த தறி வீடு எங்களுடையது. மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஒரு சைக்கிள் இல்லை. ஊரடங்கு போட்டதுபோல இருந்தது. ஆயா சன்னல் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்து, சோற்றுக் குண்டானில் தர்ப்பையைப் போட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வயசுக்கு வந்த புள்ள, வாசப்படிகூடத் தாண்டக் கூடாது." தம்பியைக்கூட அவ்வளவு மிரட்டவில்லை. என்னைத்தான்.

தறியில் வெண்பட்டுப் பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், பூட்டியிருந்தது. அப்பா தறிக் குழியில் இறங்காமல் திண்ணையோரம் உட்கார்ந்திருந்தார். நான் இருட்டில் பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கி, பாவின்மேல் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை உருண்டையாக வெளிச்சம் விழும். அன்றும் விழுந்தது. ஆனால் ஒன்றுகூட உருண்டையாக இல்லை. அத்தனையும் பிறை. வெள்ளைப் பட்டின்மேல் இருபது முப்பது பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பிக்கொண்டு.

ஊசித்துளைக் கேமராவை அந்த வருடம்தான் பாடத்தில் படித்திருந்தேன். படித்து மார்க் வாங்கியதோடு சரி. அந்த நிமிடம்தான் புரிந்தது, எங்கள் வீட்டு ஓட்டுச் சந்து ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளை, தினமும் எங்கள் பாவின்மேல் விழுந்துகொண்டிருந்தது சூரியனின் படம் என்று. "அப்பா, இங்க வாங்க" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்தார். ஆயாவும் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆயா தன் உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையை ஏந்திப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாசப்படி தாண்டக் கூடாது என்று சொன்ன அதே ஆயாதான்.

நான் ஆசிரியை ஆனது அந்தச் சாயங்காலத்தினால்தான்.

அடுத்து 2009. அப்பா தவறியபின் அஸ்தி கரைக்கத் தம்பியும் நானும் காசிக்குப் போனோம். பனாரஸ் தறியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்பா. கடைசியில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். ஜூலை 22, அன்றும் ஆடி அமாவாசை. விடிகாலையில் முழுச் சூரிய கிரகணம். கிரகணம் தெரியும் என்று படித்துத்தான் நாள் குறித்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனாலும் எதைப் பார்க்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வெண்பட்டின்மேல் பார்த்த பிறையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். பட்டப்படிப்பில் இயற்பியல் படித்தவள் அப்படி நினைத்தேன்.

காசியின் படித்துறைகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்மேடு, அதற்குமேல் இளஞ்சூரியன். படியில் கால் வைக்க இடமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். சூரியன் தேயத் தேய வெளிச்சம் குறைந்தது. ஆனால் அது சாயங்கால வெளிச்சம் அல்ல. சாயங்காலத்தில் மஞ்சள் இருக்கும், சிவப்பு இருக்கும். இதில் நிறமே இல்லை. ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம்போல இருந்தது எல்லாம். கங்கை கருங்கல் நிறத்துக்கு மாறியது. தம்பி முகம் அடையாளம் தெரியாத ஒருவர் முகம்போல ஆனது. காற்று குளிர்ந்தது. படகுக்காரர்கள் துடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.

பிறகு ஆறு இருபத்துநான்கு வாக்கில் நிழல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நிலவின் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் என்பது பாடம். ஊருக்கு மேலே வானம் திடீரென்று கனத்து, தலைக்குமேல் கடந்து போனதை உடம்பால் உணர்ந்தது வேறு. சூரியனின் கடைசிப் பொட்டு ஒரு வைரம்போல மின்னி அணைந்தது. அணைந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளையாக ஒன்று நாலாபுறமும் நீண்டு நின்றது.

அதற்குக் கொரோனா என்று பெயர், சூரியனின் வெளி வளிமண்டலம், பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் என்றெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தறிக்காரர் மகளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: பட்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் இழுத்த, இன்னும் முறுக்கேற்றாத பட்டிழை. புகைப்படத்தில் அது வெறும் வெள்ளை மூட்டமாகத் தெரியும். நேரில் இழை இழையாகத் தெரியும். தலைக்குமேல் வெள்ளிக் கோள் பளிச்சென்று எரிந்தது. அடிவானம் முழுக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும், ஓர் அந்திச் சிவப்பு. தண்ணீரில் நின்றவர்களிடமிருந்து ஒரே குரலாக எழுந்த "ஹர ஹர மகாதேவ்" என் காலடிக் கல்லில் அதிர்ந்தது. எதற்கும் கலங்காத என் தம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அழுதது அப்பாவுக்காகவா, அதற்காகவா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல வரவில்லை.

மூன்று நிமிடம். அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர்களே, "இதெல்லாம் 2019-லயே பாத்துட்டோமே டீச்சர்" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் தெரிந்தது வளையக் கிரகணம்; நிலவு சூரியனை முழுதாக மூடாமல் சுற்றிலும் ஒரு வளையத்தை மிச்சம் வைப்பது. சேலத்தில் நாம் பார்த்தது ஒரு மெல்லிய பிறை. அதுவும் அழகுதான். ஆனால் முழுக் கிரகணம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். சூரியனின் வெளிச்சம் முழுநிலவைப்போல ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு மறைந்து ஒரு பங்கு மிச்சமிருந்தால்கூட நான்காயிரம் முழுநிலவுகளின் வெளிச்சம் வானத்தில் இருக்கும். கொரோனாவோ ஒரு முழுநிலவுக்கு ஒப்பானது. நான்காயிரத்துக்கு நடுவில் ஒன்று எங்கே தெரியும்? அந்தக் கடைசிப் பங்கும் மறைந்தால்தான் தெரியும். கல்யாண மண்டப வாசல்வரை போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் உள்ளே போய்த் தாலி கட்டுவதைப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

இது நமக்கு வாய்த்திருப்பதே ஒரு பேறு. சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் அதனால் சூரியனை முழுதாக மூட முடியாது. அப்புறம் பூமியில் எவருக்கும் முழுக் கிரகணம் இல்லை. இப்போதுகூட ஓர் ஊருக்கு முழுக் கிரகணம் சராசரியாக 375 ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. வரட்டும் என்று வீட்டில் காத்திருந்தால் நடக்காது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நிற்கும்போதெல்லாம் நான் ஒன்றை நினைத்துக்கொள்வேன். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மேட்டூர் அணை நீர் பளபளப்பது தெரியும். நிலவின் நிழல் எவ்வளவு மெதுவாக வந்தாலும் மணிக்கு 1,700 கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஒருநாள் அது நம் ஊர் வழியாக வந்தால், முதலில் மேட்டூர் அணை அணையும். ஒன்றரை நிமிடம்கூட ஆகாது, சேலம் நகரம் முழுவதும் விளக்கணைந்ததுபோல ஆகிவிடும். பிறகு சேர்வராயன் மலை. அந்த நாளைப் பார்க்க நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீர்கள். ஆனால் வண்டி ஏறிப் போனால் பார்க்கலாம், நம் பிள்ளைகள் பார்க்கலாம்.

2027 கிரகணத்தைப் பற்றி நான் இவ்வளவு உருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரகணங்கள் குடும்பம் குடும்பமாக வருபவை. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழித்து அதே குடும்பத்தின் அடுத்த கிரகணம் வரும். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றிலொரு சுற்று சுற்றிவிடுவதால் இடம் மட்டும் மேற்கே தள்ளிப் போகும். 2009 ஜூலை 22-ஓடு கூட்டிப் பாருங்கள். 2027 ஆகஸ்ட் 2. காசியில் என் தலைக்குமேல் கடந்துபோன அதே கிரகணத்தின் அடுத்த பிறப்பு அது. எகிப்தின் லக்சர் நகருக்குப் பக்கத்தில் 6 நிமிடம் 23 நொடி நிற்கப் போகிறது. இந்த நூற்றாண்டின் மீதியில் அதைவிட நீளமானது கிடையாது. ஐன்ஸ்டைன் சொன்னபடி சூரியனுக்கு அருகே நட்சத்திர ஒளி வளைகிறதா என்று ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அளந்து பார்த்த 1919 மே 29 கிரகணமும் இதே குடும்பம்தான். 1955-இல் இலங்கையில் விழுந்ததும் இதே குடும்பம்தான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். கணக்கு வராத பிள்ளைகூட விரல் விட்டுக் கூட்டிப் பார்க்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இனி, நம்பிக்கை. என் ஆயாவை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். பகலில் சூரியன் அணைந்தால் பயப்படத்தான் தோன்றும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிரகணத்தன்று காசியில் ஆற்றில் நின்றவர்கள் யார்? நம்பிக்கை உள்ளவர்கள்தான். ராமேஸ்வரத்திலும் வேதாரண்யத்திலும் கிரகண நேரத்தில் கடலாடுவதும் தர்ப்பணம் கொடுப்பதும் திறந்த வானத்தின் கீழேதான். ஆக, வெளியே வருவதும் நம் வழக்கம்தான். உள்ளே பூட்டிக்கொள்வதும் நம் வழக்கம்தான். பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இரண்டாவதையே கொடுக்கிறோம்? அமாவாசை விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளை விரதத்தோடே வரட்டும். சாப்பிடச் சொல்லி எவரும் வற்புறுத்த வேண்டாம். என் தம்பியும் அன்று அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க மேட்டூர் போவான். காலையில் முடிந்துவிடும். சாயங்காலம் வானத்தைப் பார்க்க அதில் என்ன தடை?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26 அரையாண்டு விடுமுறை. என் வகுப்பில் நாற்பது பேரிடமும் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். ஏழு பேர் வந்தார்கள். ஏழும் பையன்கள். புங்கமரத்தடியில் தரை முழுக்கப் பிறை பிறையாக நிழலுக்கு நடுவே வெளிச்சம் கிடந்தது; பையன்கள் சட்டையில் பிடித்து விளையாடினார்கள். எனக்கு என் பாவு நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துவிட்டது. பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாக வந்து கேட்டாள்: "டீச்சர், அது என்ன கலர்ல இருந்துச்சு?" என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்ன பெற்றோரிடம் முன்கூட்டியே போய்ப் பேசாமல் விட்டது என் தவறு. அந்தத் தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத் திட்டத்தை முன்னின்று நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைப் பெண். அந்தக் கலத்தில் இருக்கும் ஒரு கருவி சூரியத் தட்டை மறைத்து வைத்துக்கொண்டு நாள்தோறும் கொரோனாவைப் பார்க்கிறது, அதாவது செயற்கையாக ஒரு முழுக் கிரகணத்தைச் செய்துகொள்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் குழந்தை கிரகணத்தின் நிறத்தை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நமக்கு இது புதிய பழக்கமும் அல்ல. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை இன்றைய தெலங்கானாவின் வனபர்த்தியிலிருந்து கண்காணித்தவர் சென்னை வானியல் ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வானியலைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுபோக, 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றிப் பல இந்திய மொழிகளில் சிறுநூல் வரச் செய்தார். பஞ்சாங்கக் கணக்கும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடினார். 1871 டிசம்பர் 12 முழுக் கிரகணமோ நம் பக்கத்து அவிநாசி வழியாகவே போயிற்று. சென்னை ஆய்வகத்தார் அங்கே வந்து கூடாரம் அடித்துப் பார்த்தார்கள். சேலத்திலிருந்து பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி நேரத் தூரம்.

இப்போது என் வேண்டுகோள். அன்று கடைசிப் பிரிவேளையில் ஹைடெக் லேபில் எகிப்திலிருந்து வரும் நேரலையைப் போடுங்கள். லக்சரில் முழுமறைப்பு நம் நேரப்படி சுமார் மூன்றரை மணிக்கு. அந்த ஆறு நிமிடமும் ஆசிரியர் எதுவும் விளக்க வேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு ஐந்து மணிவரை மைதானத்தில் நிறுத்திவையுங்கள். ஆகஸ்ட் மாதம், மேகம் மூடலாம். மூடினால் அடுத்த மேக இடைவெளிக்குக் காத்திருப்போம். இதற்காக ஏற்காட்டுக்கு வண்டி பிடிக்க வேண்டாம், அந்த மாதத்தில் மலைமேல் பனிமூட்டம்தான் அதிகம்.

பாதுகாப்பில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுமறைப்பு நிகழும் சில நிமிடம் மட்டுமே வெறும் கண்ணால் பார்க்கலாம். சேலத்தில் அன்று அது கிடையாது. ஆகவே ஒரு நொடிகூட வெறும் கண் கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட சூரியக் கண்ணாடியோ, 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோதான். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகையேற்றிய கண்ணாடி, மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோவதே தெரியாமல் வெந்துவிடும். கண்ணாடிக்குப் பணமில்லாத பள்ளி கவலைப்பட வேண்டாம். மாவு சலிக்கும் சல்லடையை வெயிலில் பிடித்தால் போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டும். துளைக்கு ஒரு சூரியன் விழும், ஒவ்வொன்றிலும் ஓரம் கடிபட்டிருக்கும்.

அன்று பார்க்கும் பிள்ளைகளிடம் அடுத்த தேதிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 2031 மே 21, மதுரை, தேனி வழியாக வளையக் கிரகணம். கோடை விடுமுறை, நான்கு மணி நேரப் பயணம். 2034 மார்ச் 20, லடாக்கின் கார்கில் பக்கம் முழுக் கிரகணம். 2027-இல் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. ரயிலேறிப் போகும் வயது. இரண்டு மூன்று பேராவது போகட்டும். போனவர்கள் திரும்பி வந்து சொல்லட்டும்.

அன்று மூன்று மணிக்கு எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருவேன். என் வீட்டில் சல்லடை நான்கு இருக்கின்றன. அப்பா நெய்து கடைசியில் விற்காமல் வைத்திருந்த வெண்பட்டு வேட்டி ஒன்றும் இருக்கிறது. தரையில் விரித்தால் பிறைகள் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அம்மாபேட்டையிலிருந்து,
பணி ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் ஆசிரியை